கிளச் மிதி தரையோடு போகுதா? கியர் பொக்ஸை இறக்கும் முன் இதை வாசியுங்கள்



சென்ற மழைக்காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்த விஷயத்தோடு தொடங்குகிறோம். அப்பா வேலையிலிருந்து விலகியபோது கிடைத்த சேமலாப நிதிக் காசைப் போட்டு, பிள்ளைகள் மூன்று பேரும் பழைய ஹையேஸ் வேன் ஒன்று வாங்கினார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது, சம்பள வாரத்தில் டவுனுக்குச் சாமான் ஓட்டம், இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் ஆஸ்பத்திரி ஓட்டம். மொத்த லயத்துக்கும் அந்த வேன்தான் அம்பியூலன்ஸ்.

ஒருநாள் கிளச்சை மிதித்தால் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. டவுனில் ஒரு கராஜில் காட்டினார்கள். "பிளேட் முடிஞ்சிருச்சு, கியர் பொக்ஸ இறக்கணும்" என்று சொன்னார்கள். மூத்த மருமகளின் சங்கிலி அடகுக்குப் போனது. புது பிளேட், புது பெயாரிங் எல்லாம் போட்டாயிற்று. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் அதே வருத்தம்!

கடைசியில் மேல் டிவிசனில் இருக்கும் பழைய கொழுந்து லொறி டிரைவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஏன் தம்பி, பொக்ஸ இறக்குறதுக்கு முந்தி கீழ் பம்போட ரப்பர் தொப்பியத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். தொப்பியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து கறுப்பாக ஒயில் வடிந்தது. விரல் நுனி அளவு ரப்பர் ஒன்று தேய்ந்து போயிருந்தது. அதை மாற்ற அரை நாள் கூட ஆகவில்லை. முதல் தடவை கராஜில் புது ஒயில் ஊற்றி எயார் எடுத்ததால்தான் வண்டி அந்தப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கிறது. வருத்தம் பிளேட்டில் இருக்கவே இல்லை.

கராஜ்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விஷயம் தெரியாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் விடப்பட்டது. புது வண்டி நம் கைக்கு எட்டாது. இருக்கிற பழைய வண்டியைத்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே கிளச்சைப் பற்றி டிரைவர் மட்டுமல்ல, வண்டி வைத்திருக்கும் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உங்கள் வண்டி எந்த வகை?

கிளச்சில் இரண்டு வகை உண்டு. மோட்டார் சைக்கிள், திறீவீலர் போன்றவற்றில் கம்பி இழுக்கும் கேபிள் கிளச். ஹையேஸ் வேன், எல்ஃப், கென்டர், டைனா போன்ற லொறிகள், பழைய லேண்ட் ரோவர் ஆகியவற்றில் பெரும்பாலும் ஒயில் தள்ளும் கிளச். நாம் இங்கே பேசுவது இந்த ஒயில் கிளச்சைப் பற்றி.

கண்டுபிடிப்பது லேசு. பிரேக் ஒயில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டப்பா இருந்தால் அது கிளச்சுடையது. சில வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே டப்பாதான். அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும். கிளச்சில் ஒழுகும் ஒயில் உங்கள் பிரேக்கின் ஒயிலும்தான்.

இது எப்படி வேலை செய்கிறது?

மிதியை அழுத்தினால் அது மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. கராஜில் இதை மேல் பம்ப் என்பார்கள். அதிலிருந்து ஒயில் குழாய் வழியாகக் கீழே கியர் பொக்ஸ் பக்கம் உள்ள கீழ் பம்புக்குப் போகிறது. கீழ் பம்பின் கம்பி வெளியே நீண்டு கிளச் கவையைத் தள்ளும். கவை பெயாரிங்கைத் தள்ளும். பெயாரிங் அழுத்தினால் பிளேட் விலகி, எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் உள்ள பிடி விடும். அப்போதுதான் கியர் சத்தமில்லாமல் விழும்.

ஒயில் அமுங்காது, ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் அப்படியே தள்ளும். இந்த விதியை 1600களில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பஸ்கால் விளக்கி வைத்தார். உதாரணமாக, மேல் பம்பின் துளை 16 மில்லிமீற்றர், கீழ் பம்பின் துளை 20 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேலே 10 கிலோ பலத்தில் தள்ளினால் கீழே 15 கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆனால் பலம் கூடும் அளவுக்குத் தூரம் குறையும். மேலே 30 மில்லிமீற்றர் நகர்ந்தால் கீழே 19 மில்லிமீற்றர்தான் நகரும். அந்த 19 இல் நாலைந்து மில்லிமீற்றர் ஒழுக்காலோ காற்றாலோ வீணாகிப் போனால், பிளேட் முழுதாக விலகாது. கியர் "கர்ர்" என்று கத்தும். இவ்வளவுதான் சூட்சுமம்.

இரண்டு வருத்தங்கள், இரண்டு மருந்துகள்

கிளச் வருத்தம் பெரும்பாலும் இரண்டு வகைதான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் காசு மிச்சம்.

முதலாவது, பிடி விடாத வருத்தம். கியர் விழ மறுக்கும், ரிவர்ஸ் போட்டால் கத்தும், மிதியை முழுதாக மிதித்தும் வண்டி மெல்ல முன்னால் நகரும், இரண்டு மூன்று தரம் மிதித்தால் மட்டும் கியர் விழும். இப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயில் பக்கம்.

இரண்டாவது, பிடி பிடிக்காத வருத்தம். ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். இது பெரும்பாலும் பிளேட் பக்கம். பொக்ஸை இறக்கத்தான் வேண்டி வரும். ஆனால் இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மிதியில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் இருந்தாலோ, ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்து ஒயில் திரும்பி வராமல் இருந்தாலோ, கிளச் எப்போதும் அரை மிதியில் இருப்பதுபோல வழுக்கும். அதையும் பார்த்துவிட்டே பிளேட்டைக் கழற்றுங்கள்.

இரண்டையும் பிரித்தறியச் சோதனை ஒன்று. வெளியான சம தரையில் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விடுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் திணறி நின்றால் பிளேட் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். இந்தச் சோதனையை ஒரு தரத்துக்கு மேல் செய்ய வேண்டாம், இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஐந்து இடங்கள்

1. ஒயில் டப்பா. ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பிரேக் ஒயில் பிரேக் கட்டைகள் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. கிளச் ஒயில் அப்படி இறங்கக் கூடாது. கிளச் ஒயில் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். "ஊத்தி ஊத்தி ஓட்டலாம்" என்று விடாதீர்கள். ஒயில் கறுத்து, அடியில் மண்டி போலிருந்தால் ரப்பர் கரைந்து வருகிறது.

2. மிதிக்கு மேலே. டோர்ச் ஒன்றை எடுத்து, டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். மிதியின் கம்பி மேல் பம்புக்குள் போகும் இடத்தில் ஈரம் இருக்கிறதா? பெயின்ட் உரிந்திருக்கிறதா? கால் விரிப்பு எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? இருந்தால் மேல் பம்ப் ஒழுகுகிறது. அப்படியே மிதியின் ஆணியையும் ஆட்டிப் பாருங்கள். ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து ஓட்டையாகிப் போயிருந்தால், ஒயிலில் ஒரு குறையும் இல்லாமலேயே மிதியின் பாதித் தூரம் அங்கேயே வீணாகும்.

3. கீழ் பம்ப். கியர் பொக்ஸின் பக்கத்தில் இருக்கும். நாம் சொன்ன வேனில் ஒழுகியது இதுதான். ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஒயில் வடிந்தால் வருத்தம் கிடைத்துவிட்டது.

4. குழாயும் ஹோஸும். இரும்புக் குழாய் மூட்டுகளில் ஈரம் பாருங்கள். ரப்பர் ஹோஸை ஒருவர் கையால் பிடித்திருக்க, இன்னொருவர் மிதியை அழுத்தட்டும். ஹோஸ் பலூன் மாதிரி வீங்கினால் அதை மாற்ற வேண்டும்.

5. கீழ் பம்பின் கம்பி. இதுதான் முக்கியமான பரீட்சை. ஒருவர் மிதியை முழுதாக மிதித்து அப்படியே பிடித்திருக்க, மற்றவர் கம்பியைப் பார்க்க வேண்டும். கம்பி நன்றாக வெளியே வந்து அங்கேயே நின்றால் ஒயில் பக்கம் சரி. வெளியே வந்து, மிதி அழுத்தியபடி இருக்கும்போதே மெல்ல மெல்ல உள்ளே திரும்பினால், வெளி ஒழுக்கும் இல்லையென்றால், மேல் பம்பின் உள் ரப்பர் தேய்ந்து ஒயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. முதலில் கொஞ்சமாக வந்து, பலதரம் மிதித்தபின் கூட வந்தால் குழாயில் காற்று இருக்கிறது.

கம்பி நன்றாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் மட்டுமே வருத்தம் உள்ளே. கவை, பெயாரிங், பிரஷர் பிளேட், பிளேட் இவற்றில் ஏதோ ஒன்று. அப்போது பொக்ஸை இறக்குவது நியாயம்.

எச்சரிக்கை: வண்டிக்குக் கீழே போகும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஜக் சறுக்கினால் உயிர் போகும். தடித்த மரக்கட்டை அல்லது ஸ்டாண்ட் கொடுத்து, சில்லுகளுக்கு முட்டும் கொடுத்த பிறகே கீழே போங்கள்.

ரப்பர் மாற்றும்போது

மேல் பம்புக்கும் கீழ் பம்புக்கும் தனித்தனி ரப்பர் கிட் கடையில் கிடைக்கும். கிட் விலைக்கும் முழு கிளச் செட் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பம்பின் அளவு பெரும்பாலும் அதன் மேலேயே அடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பழைய ரப்பரைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒன்று தேய்ந்தால் மற்றதும் அதே வயதுதான். இரண்டையும் ஒன்றாக மாற்றுவது புத்தி. புது ரப்பர் போட்ட மேல் பம்பின் பலத்தைத் தாங்காமல் கீழ் பம்பின் பழைய ரப்பர் சீக்கிரமே ஒழுகத் தொடங்கலாம்.

பம்பைக் கழற்றியதும் உள்துளையைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்பள்ளமோ கீறலோ நகத்தில் தட்டுப்பட்டால் கிட் போட்டுப் பயனில்லை, அந்தப் பள்ளம் புது ரப்பரையும் அறுத்துவிடும். புது பம்ப் வாங்குவதுதான் மலிவு.

கழுவுவதற்குச் சுத்தமான பிரேக் ஒயில் அல்லது ஸ்பிரிட் மட்டுமே. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிப் போகும். ரப்பரின் விரிந்த வாய் ஒயில் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கழற்றும்போது எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு தாளில் படம் கீறி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது புது பிரேக் ஒயிலைத் தடவிப் பூட்டுங்கள்.

எயார் எடுப்பது எப்படி?

எந்தக் குழாயைக் கழற்றினாலும் காற்று உள்ளே போகும். அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். கீழ் பம்பின் நிப்பிளில் தெளிவான சிறு குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்தி வையுங்கள். பிறகு வரிசை இதுதான்:

மேலே இருப்பவர் இரண்டு மூன்று தரம் மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச்சுற்றுத் திறப்பார். ஒயிலும் குமிழியும் வரும், மிதி இறங்கும். நிப்பிளை மூடியபின் "விடு" என்று சொன்ன பிறகே மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் போன காற்று திரும்பவும் உள்ளே வந்துவிடும்.

குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். நாலைந்து தரத்துக்கு ஒரு தடவை மேல் டப்பாவை நிரப்புங்கள். டப்பா வற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. எவ்வளவு எடுத்தும் மிதி இறுகவில்லை என்றால், கீழ் பம்பைக் கழற்றாமல் அதன் கம்பியை மெல்ல உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அடைபட்ட காற்று மேலே டப்பாவில் குமிழியாக வெளியேறும். நிப்பிள் பம்பின் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று எப்போதும் மேலேதான் நிற்கும்.

வேலை முடிந்ததும் மிதியில் தளர்வு பாருங்கள். பல வண்டிகளில் விரலால் தொட்டு அழுத்தினால் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை லேசாக இறங்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் பெயாரிங்கும் பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

எந்த ஒயில்?

இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து. "ஒயில்தானே" என்று எஞ்சின் ஒயிலையோ கியர் ஒயிலையோ ஊற்றிவிடுகிறார்கள். பிரேக் ஒயிலுக்கென்று செய்த ரப்பர் இந்த ஒயிலில் ஊறி வீங்கும். ஒரே டப்பா உள்ள வண்டியில் பிரேக் ரப்பரும் சேர்ந்து வீங்கும். மலை இறக்கத்தில் பிரேக் இறுகினாலும் சாவு, பிடிக்காவிட்டாலும் சாவு. மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து டொட் 3 அல்லது டொட் 4 ஒயில் மட்டும் ஊற்றுங்கள். தவறாக வேறு ஒயில் ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்ட வேண்டாம். எல்லா ரப்பரையும் மாற்றிக் குழாய்களையும் கழுவ வேண்டியிருக்கும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்தால் அது 140 பாகைக்கு இறங்கிவிடும். மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் மலையில் இது இன்னும் வேகமாக நடக்கும். பம்பின் உள்ளே துரு பிடிப்பதும் இதனால்தான். திறந்த போத்தலை இறுக மூடுங்கள், மாதக்கணக்கில் கிடந்த மிச்சத்தை ஊற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஒயிலை எடுத்துப் புதிதாக ஊற்றுங்கள்.

தாய்மாரும் கேளுங்கள். பிரேக் ஒயில் குடித்தால் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி இஸ்தோப்பில் வைக்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி டொக்டரிடம் காட்டுங்கள்.

வழியில் மிதி போய்விட்டால்

இறம்பொடை, ஹப்புத்தளை, கினிகத்தேனை என்று நம் பாதையெல்லாம் வளைவும் இறக்கமும். இறக்கத்தில் கிளச் போய்விட்டால் பதற வேண்டாம். வண்டி எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலேயே விடுங்கள். நியூட்ரலுக்கு இழுத்தால் எஞ்சினின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிறகு வேறு கியர் விழவும் விழாது. பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பாதை அகன்ற இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள். நிற்கும்போது எஞ்சின் இழுத்து நின்றுவிடும், நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஆட்களை இறக்கி, சில்லுக்குக் கல் வையுங்கள். ஒரே டப்பா உள்ள வண்டியானால் பிரேக் மிதியும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஓர் அடி கூட நகராதீர்கள்.

முதலாம் கியரில் போட்டபடியே ஸ்டார்ட் பண்ணி ஓட்டுவது சில டிரைவர்மாருக்குத் தெரியும். அது ஆளில்லாத சம தரையில் வண்டியை ஓரம் கட்டுவதற்கு மட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையில் அந்த வித்தை வேண்டாம்.

டிரைவர் தம்பிமாருக்கு இரண்டு வார்த்தை. காலைக் கிளச் மிதி மேல் வைத்தபடியே ஓட்டாதீர்கள். ஏற்றத்தில் நிற்கும்போது அரைக் கிளச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். இந்த இரண்டும் பிளேட்டின் ஆயுளைத் தின்னும்.

வெட்டி டாஷ்போட்டில் ஒட்டி வைக்க:

- ஒயில் குறைகிறது: ஒழுக்கு. மேல் பம்ப், கீழ் பம்ப், குழாய் பார்.
- பலதரம் மிதித்தால் மட்டும் கியர் விழுகிறது: காற்று. ஒழுக்கைக் கண்டுபிடித்து, பிறகு எயார் எடு.
- மிதியைப் பிடித்திருந்தால் மெல்ல இறங்குகிறது, வெளியே ஒழுக்கில்லை: மேல் பம்பின் உள் ரப்பர்.
- மிதித்தால் மட்டும் கீழே இரைச்சல்: ரிலீஸ் பெயாரிங். பொக்ஸை இறக்க வேண்டும்.
- எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை: மிதித் தளர்வு, ஹோஸ் பார். பிறகு பிளேட்.

கராஜுக்குப் போனால் பாஸிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "அண்ணே, கீழ் பம்ப் கம்பி எவ்வளவு நகருதுன்னு ஒருக்கா காட்டுங்க." நல்ல பாஸ் சந்தோஷமாகக் காட்டுவார். காட்டாமலேயே "பொக்ஸ இறக்கணும்" என்றால் இன்னொரு இடத்திலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அந்த வேன் இப்போது நன்றாக ஓடுகிறது. சங்கிலி மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சங்கிலிக்கு அந்த நிலை வராமல் இருக்கத்தான் இவ்வளவையும் எழுதினோம்.